ஒரே சுவரில் இரு காலங்கள்: இடைக்காலம், மறுமலர்ச்சி என்னும் கலைப்பகுப்பும் தஞ்சைப் பெரிய கோயிலும்

ஐரோப்பியக் கலை வரலாற்றை இடைக்காலம் என்றும் மறுமலர்ச்சிக் காலம் என்றும் பகுத்துக் கற்பிப்பது நெடுநாள் வழக்கம். அவ்விரு சொற்களும் தமிழ்ப் பாடநூல்களிலும் இலக்கிய வரலாறுகளிலும் எளிதாக வந்து குடியேறிவிட்டன. சோழர் காலத்தை ‘இடைக்காலத் தமிழகம்’ என்கிறோம். களப்பிரர் காலத்தை ‘இருண்ட காலம்’ என்கிறோம். பாரதி முதலான பிற்காலத்தார் வருகையை ‘மறுமலர்ச்சி’ என்கிறோம். இச்சொற்கள் எங்கிருந்து வந்தன, நம் கலைகளுக்கு அவை பொருந்துகின்றனவா என்று நின்று எண்ணிப் பார்ப்பதில்லை. நிபோங் திபால் வட்டாரத் தமிழாசிரியர் சிலரோடு உரையாடிக்கொண்டிருந்தபொழுது அவர்களுள் ஒருவர் எழுப்பிய வினாவே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். “இத்தாலியில் மறுமலர்ச்சி நிகழ்ந்த அதே நூற்றாண்டுகளில் தமிழகத்தில் நாயக்கர் ஆட்சி நடந்தது. அப்படியானால் நாயக்கர் கலையை மறுமலர்ச்சிக் கலை என்று மாணவர்க்குச் சொல்லலாமா? வீழ்ச்சிக் காலம் என்றல்லவா நாங்கள் படித்தோம்?” என்று அவர் வினவினார். அன்று நாம் அளித்த விடை நமக்கே நிறைவு தரவில்லை.

இவ்வினாவை மாணவர்க்கு விளக்க ஐரோப்பா வரை செல்லவேண்டியதில்லை. நிபோங் திபாலிலிருந்து ஒரு பேருந்தில் மாணவரை ஜார்ஜ் டவுனுக்கு அழைத்துச் சென்றால் போதும். 1818இல் கட்டி முடிக்கப்பெற்ற புனித ஜார்ஜ் தேவாலயத்தின் முகப்பில் கிரேக்க முறையில் அமைந்த தூண்களும் அவற்றின் மேல் முக்கோண முகடும் உள்ளன. பழைய கிரேக்க, உரோமானியக் கட்டடங்களை அளந்து பார்த்து அவற்றின் விகிதங்களை மீட்டெடுத்த இத்தாலிய மறுமலர்ச்சியின் வழித்தோன்றல் அது. சென்னையிலுள்ள அதே பெயருடைய தேவாலயத்தை அது முன்மாதிரியாகக் கொண்டது என்பர். அங்கிருந்து சிறிது தொலைவு நடந்தால் குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் உள்ளது. அதன் கோபுரத்தில் நிறைந்துள்ள சுதை உருவங்கள் விசயநகர, நாயக்கர் காலத் தமிழகத்தில் பெருவழக்குப் பெற்ற மரபைச் சேர்ந்தவை. ஆக, பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் உலகின் இரு மூலைகளில் உருவான இரு கட்டட மொழிகள் ஒரே நகரில், நடந்து செல்லும் தொலைவில் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றை ‘மறுமலர்ச்சி’ என்றும் மற்றொன்றை ‘வீழ்ச்சி’ என்றும் நாம் அழைத்துவருகிறோம்.

மூடிய சுவர்கள்

1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களின் பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியில் வேறோர் ஓவியம் தெரிவதைக் கண்டார். முதலாம் இராசராசன் 1010இல் நிறைவுசெய்த கோயிலின் மூல ஓவியங்கள் அவை. சுந்தரர் வரலாறு, தில்லைக் கூத்தன் திருமுன், திரிபுரம் எரித்த இறைவனின் பெருங்கோலம் முதலியன ஏறத்தாழ முந்நூறு ஆண்டுக்காலம் மேற்பூச்சின் அடியில் மறைந்திருந்தன. பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறையினர் நாயக்கர் ஓவியப் படலத்தைச் சிதைக்காமல் உரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் ஒட்டிக் காட்சிக்கு வைத்தனர். மேலது கீழதை மறைத்தது என்பதற்காக மேலதை அழித்துவிடவில்லை என்பது பாராட்டத்தக்கது.

இதற்கு நிகரான நிகழ்ச்சியொன்று இத்தாலியிலும் உண்டு. பிளாரன்சு நகரத்துச் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயச் சுவரில் மசாச்சியோ 1427ஐ ஒட்டித் தீட்டிய ‘திரித்துவம்’ என்னும் ஓவியம் உள்ளது. தட்டையான சுவரில் ஆழமான ஒரு மண்டபம் திறந்திருப்பதுபோல் தோன்றச் செய்த தொலைநோக்கு முறையின் தொடக்கச் சான்றுகளுள் இது தலையாயது. 1570ஐ ஒட்டி அத்தேவாலயத்தைப் புதுப்பித்தபொழுது இதன் முன்னே ஒரு புதிய பீடத்தை எழுப்பி இதனை மறைத்தவர் வசாரி. ஓவியர்தம் வரலாறுகளை 1550இல் நூலாக வெளியிட்டு, கலை மீண்டும் பிறந்தது என்னும் கருத்தை உலகுக்கு வழங்கிய அதே வசாரிதான். மசாச்சியோவை அந்நூலில் அவர் வெகுவாகப் புகழ்ந்தும் உள்ளார். ஓவியம் மீண்டும் வெளிப்படப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடக்கவேண்டியிருந்தது. மறைத்தவர் என்று நாயக்கரைக் குறைகூறும் நாம், வசாரியை மறுமலர்ச்சியின் வரலாற்றாசிரியர் என்று போற்றுகிறோம். கோயிலும் தேவாலயமும் வழிபாட்டிடங்கள். அங்கே பழைய சுவரைப் புதுப்பிப்பது அறச்செயலாகவே கருதப்பட்டது. அருங்காட்சியக நோக்கு அவ்விரு நாட்டாரிடமும் அன்று இல்லை.

அவ்விரு படலங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் நம் பாடநூல் பகுப்பு மேலும் தடுமாறுகிறது. ஐரோப்பிய ஓவியம் தட்டையான உருவத்திலிருந்து திரண்ட உருவத்துக்கும், பொன்பூசிய வெற்றுப் பின்புலத்திலிருந்து ஆழமுள்ள வெளிக்கும் வளர்ந்தது என்பது பொதுவாகக் கூறப்படும் வரலாறு. ஜொத்தோ பதுவா நகரில் 1305ஐ ஒட்டித் தீட்டிய சுவரோவியங்களை அதன் தொடக்கமாகக் காட்டுவர். தஞ்சையிலோ வரிசை தலைகீழாக உள்ளது. சோழ ஓவியத்தில் முகங்கள் பல கோணங்களில் திரும்புகின்றன. கோடு தடித்தும் மெலிந்தும் உடலின் திரட்சியை உணர்த்துகிறது. கூட்டத்தில் ஒருவரையொருவர் மறைத்து நிற்கின்றனர். ஈரச் சுண்ணப் பூச்சு உலர்வதற்குள் தீட்டி முடிக்கும் முறையைச் சார்ந்தது இது என்று சென்னை அருங்காட்சியக வேதியியலார் பரமசிவன் ஆராய்ந்து கூறினார். ஜொத்தோவும் அத்தகைய முறையையே கையாண்டார். நாயக்கர் ஓவியங்களிலோ சுவர் பல பட்டைகளாகப் பகுக்கப்படுகிறது. கதை பட்டைதோறும் இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ நகர்கிறது. உருவங்கள் பெரும்பாலும் பக்கவாட்டு முகத்தோடு, செம்மை ஓங்கிய பின்புலத்தில் வரிசையாக நிற்கின்றன. பல இடங்களில் கீழே எழுத்தாலான விளக்கமும் உண்டு. தொலைநோக்கை அளவுகோலாகக் கொண்டால் இது பின்னடைவுதான்.

ஆனால் அந்த அளவுகோல் யாருடையது? திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் முசுகுந்தன் கதையை விரித்துக் காட்டும் பதினேழாம் நூற்றாண்டு ஓவியங்களைக் கண்டவர்க்கு அவற்றின் நோக்கம் புலப்படும். மண்டபத்தில் நடந்துகொண்டே அண்ணாந்து படிக்கவேண்டிய ஒரு நெடும் புராணம் அது. தமிழ் எழுத்து விளக்கங்களோடு தியாகராசர் திருவிழா, இசைக் கருவிகள், வாணவேடிக்கை, ஊர்வலம் ஆகிய யாவும் அங்கே உள்ளன. ஓவியர் தம் பெயரையும் எழுதிவைத்துள்ளார். அசையாமல் ஓரிடத்தில் நிற்கும் ஒற்றைக் கண்ணுக்காக அமைந்தது இத்தாலியத் தொலைநோக்கு. நடக்கும் அடியார் கூட்டத்துக்காக அமைந்தது திருவாரூர் விதானம். அன்றைய விழாக்களில் எக்கருவிகள் எவ்வரிசையில் முழங்கின என்று அறிய விரும்பும் இசையாய்வாளருக்குச் சோழ ஓவியத்தைக் காட்டிலும் இவ்விதானமே மிகுதியாக உதவும் என்பது நம் கருத்து.

விமானமும் குவிமாடமும்

கட்டடக்கலையில் ஒப்பீடு சற்று நேராக அமைகிறது. பாரிசுக்கு அருகே புனித தெனி மடாலயத்தின் கீழ்ப்பகுதி 1144இல் புதிதாக எழுந்தபொழுது கூர்வளைவுகளும் விலாவெலும்பு போன்ற கூரைத் தாங்கிகளும் சேர்ந்து கோதிக்குப் பாணி உருப்பெற்றது. சுவரின் பளு வெளியேயுள்ள முட்டுகளுக்கு மாற்றப்பட்டதனால் சுவர் மெலிந்து வண்ணக் கண்ணாடியாக மாறியது; உயரமும் ஒளியும் இறைமையின் அடையாளங்களாயின. அதே தலைமுறையில் இரண்டாம் இராசராசன் தாராசுரத்தில் ஐராவதேசுவரர் கோயிலை எடுப்பித்தான். அங்கேயும் முன்மண்டபம் குதிரைகள் இழுக்கும் தேராகக் கல்லில் மிதக்கிறது. ஆயினும் சோழக் கருவறை ஒளியை நாடவில்லை. இருளுக்குள் ஒரு சுடர் என்பதே அதன் இலக்கணம். உயரத்தை வெளியே விமானத்தில் காட்டி உள்ளே சிறுமையும் இருளும் வைத்தனர் சோழர். உயரத்தை உள்ளே காட்டியவர் கோதிக்குக் கட்டடக்காரர்.

பிளாரன்சுப் பேராலயத்தின் குவிமாடத்தைப் புருனெலெஸ்கி 1420இல் தொடங்கினார். 1436இல் பேராலயம் திருநிலைப்படுத்தப்பட்டது. ஏறத்தாழ 45 மீட்டர் அகலமுள்ள எண்கோண வெளியை, அடியிலிருந்து தாங்கும் மரச்சட்டம் இல்லாமலே, உள்ளும் புறமும் இரு ஓடுகளாகச் செங்கல்லால் மூடியது அவருடைய அருஞ்செயல். மறுமலர்ச்சியின் அடையாளமாகப் போற்றப்படும் இக்குவிமாடத்தின் வளைவு உரோமானிய அரைவட்டம் அன்று. கூர்ந்த கோதிக்கு வளைவே. அதாவது மறுமலர்ச்சியின் முதல் பெருங்கட்டடத்துக்கு எலும்பு இடைக்காலத்தது. தஞ்சை விமானத்திலும் இரு சுவர்கள் உள்ளன. அவற்றுக்கு இடைப்பட்ட சுற்றில்தான் மேற்கூறிய ஓவியங்கள் அமைந்துள்ளன. கருங்கற்களைச் சிறிது சிறிதாக உள்நோக்கித் தள்ளி அடுக்கிக் கூம்பாக்கும் அம்முறைக்கும் அடியிலிருந்து தாங்கும் சட்டம் வேண்டியதில்லை. புருனெலெஸ்கிக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பு, ஏறத்தாழ 60 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்துக்கு, ஏழாண்டு அளவில் இது நிறைவேறியது. இரண்டும் ஒன்று என்று நாம் சொல்லவரவில்லை. செங்கல் வளைவின் தள்ளுவிசை வேறு, கருங்கல் அடுக்கின் நேர்ப்பளு வேறு. ஆனால் கட்டடக்காரர்க்கு வந்த சிக்கல் ஒன்றே.

இடைக்காலக் கலைஞர் பெயரற்றவர், மறுமலர்ச்சியே தனிக் கலைஞரைத் தோற்றுவித்தது என்பதும் தமிழகத்தில் அப்படியே பொருந்தாது. பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்று தலைமைச் சிற்பியின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. கோயில் பணியாளர் பலரின் பெயர்களும் அங்கு உள்ளன. கொடையாளர் உருவத்தைக் கோயிலுக்குள் பெரிதாக வைப்பது மட்டும் நாயக்கர் காலத்தில் மிகுந்தது. மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கரும் அவர்தம் முன்னோரும் ஆளுயரத் தூண் சிற்பங்களாக நிற்பதையும், கும்பகோணம் இராமசுவாமி கோயிலில் இரகுநாத நாயக்கர் உருவம் காணப்படுவதையும், ஓவியத்தின் ஓரத்தில் தம்மையும் தம் மனைவியையும் மண்டியிட்ட நிலையில் தீட்டச் செய்த பிளாரன்சு வணிகரோடு ஒப்பிடலாம்.

கோபுரத்தைப் பொறுத்தவரை, தஞ்சையில் விமானம் ஓங்க, வாயிற் கோபுரங்கள் தாழ்ந்து நிற்கின்றன. பிற்காலச் சோழர் காலத்திலேயே இம்முறை மாறத் தொடங்கிவிட்டது. 1559இல் எழுந்த மதுரைத் தெற்குக் கோபுரத்தில் அது முழுமை பெற்றது. கருங்கல் அடித்தளத்தின் மேல் செங்கல்லும் சுதையும் கொண்டு ஏறத்தாழ 52 மீட்டர் உயர்ந்த அக்கோபுரத்தின் முன் கருவறை விமானம் சிறிதாகிவிட்டது. கோயில் நகரை நோக்கித் திரும்பியது. தேரோடும் வீதி, திருவிழா, சந்தை, ஆயிரங்கால் மண்டபம் ஆகிய யாவும் அதனோடு சேர்ந்து வளர்ந்தன. கடல் கடந்து வந்த தமிழர் தம்மோடு கொண்டுவந்த கோயில் உருவம் இதுதான். கரும்பும் பின்னர் இரப்பரும் பயிரிட்ட நிபோங் திபால் வட்டாரத் தோட்டங்களில் மரத்தடியில் கல்லாக இருந்த தெய்வத்துக்குக் காலப்போக்கில் கோபுரம் எழுப்பியபொழுது, தஞ்சையை யாரும் நினைக்கவில்லை, மதுரையையே நினைத்தனர். நாயக்கர் கலையை வீழ்ச்சி என்று வகுப்பில் கற்பித்துவிட்டு, அதன் கொழுந்தாகிய ஊர்க்கோயிலைப் பண்பாட்டுச் சின்னம் என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம்.

ஏட்டில் உள்ள இசையும் ஏட்டில் இல்லாத இசையும்

மூன்று கலைகளுள் ஒப்பீட்டுக்கு மிகவும் அரியது இசை. இராசராசன் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்யப் பிடாரர் நாற்பத்தெண்மரையும், அவர்களுக்கு உடுக்கை வாசிப்பார் ஒருவரையும் கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும், ஆக ஐம்பதின்மரை நியமித்தான். ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளிக்கக் கல்வெட்டில் ஏற்பாடு உள்ளது. ஆடல் வல்ல தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர் தம் பெயரோடும் ஊரோடும் வீட்டு எண்ணோடும் குறிக்கப்படுகின்றனர். மேல்தளத்து உட்சுற்றில் நூற்றெட்டுக் கரணங்களுள் எண்பத்தொன்று சிற்பமாக அமைந்து, எஞ்சிய இருபத்தேழுக்கான கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கெழுதிய கோயிலில் ஒரு பாட்டின் மெட்டுக்கூட எழுதப்படவில்லை.

அதே தலைமுறையில் இத்தாலியில் அரெசோ நகரத்துக் குயிதோ என்னும் துறவி கோடுகளின் மேல் சுரங்களைக் குறிக்கும் முறையை வகுத்துக்கொண்டிருந்தார். அவருடைய ‘மைக்ரோலோகஸ்’ என்னும் நூல் 1026ஐ ஒட்டியது; இராசராசன் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பாடகர் ஒருவர் முன்பு கேட்டிராத பாட்டையும் ஏட்டைப் பார்த்தே பாடலாம் என்னும் நிலை அதனால் வந்தது. பின்னர்ப் பாரிசின் நோத்ர தாம் பேராலயத்தில் லெயோனினும் பெரோத்தினும் ஒரே நேரத்தில் பல குரல்கள் வெவ்வேறு சுரங்களில் செல்லும் இசையை அமைக்க முடிந்ததும் அவ்வெழுத்தினாலேயே. தமிழகத்திலும் சுரங்களைக் கல்லில் பொறித்த குடுமியான்மலைக் கல்வெட்டு உண்டு. ஆயினும் அது தொடர் மரபாக வளரவில்லை. தேவாரப் பண்கள் ஓதுவார் தம் குரல்வழியாகவே வந்தன. இன்று தக்கேசியைக் காம்போதியிலும், பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணத்திலும், கௌசிகத்தைப் பைரவியிலும், செந்துருத்தியை மத்தியமாவதியிலும் பாடுகின்றனர். நாற்பத்தெண்மர் பாடியது இதுவேதானா என்று யாராலும் அறுதியிட முடியாது. தேவாரம் கற்பிக்கும் ஆசிரியர் இதனை மாணவர்க்கு மறைக்காமல் சொல்வதே நேர்மை.

ஐரோப்பிய இசையிலும் எல்லை அத்துணைத் தெளிவாக இல்லை. 1436ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் புருனெலெஸ்கியின் குவிமாடத்தின் கீழ்ப் பேராலயம் திருநிலைப்படுத்தப்பட்டபொழுது திருத்தந்தை நான்காம் யூஜின் முன்னிலைக்கெனக் கியோம் துய்ஃபே ‘நூப்பெர் ரோசாரும் ஃபுளோரெஸ்’ என்னும் பல்குரல் பாடலை இயற்றினார். அதன் தாளப் பகுதிகள் 6:4:2:3 என்னும் விகிதத்தில் அமைந்துள்ளன. அவை குவிமாடத்தின் அளவுகளே என்று 1973இல் சார்லஸ் வாரன் எழுதினார். இசையும் கட்டடமும் மறுமலர்ச்சியில் ஒன்றாயின என்பதற்கு இதனைப் பலரும் சான்றாக்கினர். 1994இல் கிரேக் ரைட் இதனை மறுத்து, அவ்விகிதம் விவிலியத்தில் கூறப்படும் சாலமோன் ஆலயத்தின் அளவுகளைக் குறிப்பது என்று காட்டினார். அப்பாடலின் அமைப்புமுறையோ ஒரே தாளக்கோவையை மீள மீள வைத்துப் பின்னும் பதினான்காம் நூற்றாண்டு முறை. மறுமலர்ச்சியின் குவிமாடத்தின் கீழ் ஒலித்தது இடைக்கால இலக்கணத்தில் அமைந்த பாட்டு!

பதினாறாம் நூற்றாண்டில் இரு நாட்டு இசையறிஞரும் ஏறத்தாழ ஒரே வேலையில் ஈடுபட்டிருந்தனர் என்பது வியப்பளிப்பது. தேவாலய இசையின் எட்டு முறைமைகள் நடைமுறைக்குப் போதாமையால் அவற்றைப் பன்னிரண்டாக விரித்தார் கிளாரியானுஸ்; அவர் நூல் 1547இல் வெளிவந்தது. 1550இல் விசயநகரத்தில் இராமாமாத்தியர் ‘சுவரமேளகலாநிதி’யில் இராகங்களை இருபது மேளங்களுள் அடக்கினார். தஞ்சையில் இரகுநாத நாயக்கரின் அமைச்சராகிய கோவிந்த தீட்சிதரும் அவர் மைந்தர் வேங்கடமகியும் இப்பணியைத் தொடர்ந்தனர். வேங்கடமகியின் ‘சதுர்தண்டி பிரகாசிகை’ எழுபத்திரண்டு மேளங்களைக் கணக்கிட்டு வகுத்தது. அவற்றுள் அன்று வழக்கிலிருந்தவை பத்தொன்பதே. எஞ்சியவை கணக்கில் மட்டும் பிறந்து, ஒலிக்கக் காத்திருந்த இராகங்கள். வீணையில் மெட்டுகளை நிலையாகப் பதித்து எல்லா இராகங்களையும் ஒரே கருவியில் வாசிக்கும் முறையும் அத்தஞ்சை அரசவையோடு இணைத்துக் கூறப்படுகிறது. இவற்றை வீழ்ச்சி என்று எவரும் சொல்லார். நூல்கள் வடமொழியிலும் அரசவை நாடகங்கள் பெரிதும் தெலுங்கிலும் அமைந்தமையால் தமிழ் இலக்கிய வரலாறு இவற்றைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிட்டது. மொழிப்பற்றினால் நாம் இழந்த பக்கங்களுள் இதுவும் ஒன்று.

மீண்டும் பிறந்தது எது?

ஆசிரியரின் வினாவுக்கு இப்பொழுது திரும்பலாம். இத்தாலியரைப் பொறுத்தவரை மறுமலர்ச்சி என்பது வெறும் செழிப்பு அன்று. இடையில் மறக்கப்பட்டதாக அவர்கள் கருதிய கிரேக்க, உரோமானியப் பழமையைத் தேடிப்பிடித்து அதிலிருந்து புதிதாகத் தொடங்குவதே அதன் பொருள். பழமைக்கும் தமக்கும் இடைப்பட்ட காலத்தை அவர்களே ‘இடைக்காலம்’ ஆக்கினர். இப்பொருளில் நாயக்கர் கலை மறுமலர்ச்சி ஆகாது. அவர்கள் சோழரிடம் திரும்பிச் செல்லவில்லை. தொடர்ந்துவந்த மரபைப் பெருக்கினர். சோழ ஓவியத்தின் மேலேயே தம் ஓவியத்தைத் தீட்டும் அளவுக்கு அத்தொடர்ச்சி அவர்களுக்கு இயல்பாக இருந்தது. வீழ்ச்சியும் அன்று, மறுமலர்ச்சியும் அன்று என்பதே நாம் அன்று சொல்லியிருக்க வேண்டிய விடை.

இத்தாலியர் கொண்ட பொருளில் தமிழிசையின் மறுபிறப்பு நிகழ்ந்தது அண்மையில்தான். உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையோடு அச்சிட்டபொழுது, பாலை, ஆயப்பாலை, யாழ், குழல் என்று யாரும் இசைத்துக் காட்ட முடியாத ஓர் இசை ஏட்டிலிருந்து வெளிவந்தது. ஆபிரகாம் பண்டிதர் அதனைக் கணக்கிட்டுக் ‘கருணாமிர்த சாகரம்’ எழுதி 1917இல் வெளியிட்டார். விபுலாநந்த அடிகள் யாழின் வகைகளையும் சுருதிகளையும் ஆராய்ந்து இயற்றிய ‘யாழ்நூல்’ 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. 1943இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கம் பண்ணாராய்ச்சியைத் தன் பணிகளுள் ஒன்றாக்கியது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் பிளாரன்சு அறிஞர் சிலர் கூடிக் கிரேக்க நாடகங்கள் எவ்வாறு பாடப்பட்டன என்று ஆராய்ந்ததை இது நினைவூட்டுகிறது. வின்சென்சோ கலிலேய் 1581இல் பல்குரல் இசையைக் கண்டித்து, பழைய ஒற்றைக் குரல் இசையே சொல்லின் பொருளை உணர்த்தும் என்று எழுதினார். கிரேக்க இசை அவர்களுக்குக் கிட்டவில்லை. ஆனால் அத்தேடலில் 1600இல் பேரியின் ‘யூரிதிச்சே’ பிறந்தது. ஓப்பரா என்னும் புதுக்கலை அவ்வாறு தோன்றிற்று. அடிகளின் தேடலிலும் பழந்தமிழ் யாழ் திரும்ப வரவில்லை என்று கூறுவோர் உண்டு. தமிழில் பாடுவது இசையரங்கில் மதிப்புப் பெற்றது அத்தேடல்களின் வழியாகத்தான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இறுதியாக, கோயில் திருப்பணி பற்றி ஒரு சொல். தோட்டத்துக் கோயில்கள் இடம்பெயரும்பொழுதும் குடமுழுக்குக் காணும்பொழுதும் பழைய சுதை உருவங்கள் இடிக்கப்பட்டு, பழைய சுவரோவியங்கள் வண்ணப் பூச்சுக்கு அடியில் மறைவதை நாம் பலமுறை கண்டுள்ளோம். தஞ்சையில் மேற்பூச்சு கீழோவியத்தைக் காத்தது. இன்றைய செயற்கை வண்ணங்கள் அவ்வாறு காக்கும் என்று நம்பிவிட முடியாது. திருப்பணி தொடங்கும் முன் ஒவ்வொரு சுவரையும் உருவத்தையும் படமெடுத்து, செய்த சிற்பியின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதிவைக்கும் பணியைப் பள்ளி மாணவரே செய்யலாம். நிபோங் திபால் ஆசிரியரிடம் இதனைக் கூறியபொழுது, தம் பள்ளிக்கு அருகிலுள்ள கோயிலிலேயே தொடங்குவதாகச் சொன்னார்.